அந்தப் புகை எங்கிருந்து வந்தது?

கோப்பை உதட்டைத் தொடுவதற்கு முன்பே மூக்குக்குச் சேதி எட்டிவிடுகிறது. ஈர விறகு புகையும் அடுப்பு, சுட்ட கருவாடு, காயத்துக்குத் தடவிய டிஞ்சர் என்று ஒன்றோடொன்று ஒட்டாத வாசனைகள் சேர்ந்து எழுகின்றன. கோப்பையில் இருப்பதோ கருஞ்சிவப்பு நிறத்தில், வெல்லப்பாகு போல மினுங்கும் பியர். பீட் புகை ஏற்றிய ஸ்காட்ச் ஏல் இது. சிறிய பியர் ஆலைகள் விரும்பிச் செய்யும் சரக்கு. முதல் மடக்கிலேயே சிலர் முகத்தைச் சுளித்துக் கோப்பையை நகர்த்திவிடுவார்கள். சிலர் இதற்காகவே தேடி வருவார்கள்.

பீட் என்பது மண்ணுமல்ல, கரியுமல்ல. குளிர்ந்த சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் பாதி மட்கி, நீருக்கடியில் காற்றுப் படாமல் அடுக்கடுக்காகப் படிந்தது. ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், ஒரு மீட்டர் ஆழம் தோண்டினால் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய செடிகள் கையில் வரும். (நீலகிரியின் உயரமான சதுப்புகளிலும் பீட் உண்டு. பழங்காலத் தட்பவெப்பத்தை அறிய அதை ஆராய்ந்திருக்கிறார்கள்.) மரம் அரிதான ஸ்காட்லாந்துத் தீவுகளில் இதைச் செங்கல் போல வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியை உலர்த்தவும் அதே நெருப்புதான். அப்போது புகையிலுள்ள ஃபீனால் வகைச் சேர்மங்கள் தானியத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பழைய கார்பாலிக் சோப்பின் மணமும் இந்தக் குடும்பத்துச் சொத்துதான். ஆஸ்பத்திரி வாசனை அடிப்பதாகக் குடிப்பவர்கள் சொல்வது வெறும் கற்பனையல்ல.

ஸ்காட்லாந்தின் ஐலா தீவின் பெயர்பெற்ற விஸ்கிகள் சிலவற்றுக்கான மால்ட்டில், பத்து லட்சத்துக்கு 40 முதல் 55 பங்கு வரை ஃபீனால் இருக்கும். ஆனால் விஸ்கி காய்ச்சி வடிக்கப்படுகிறது. அந்த வழியில் புகையின் கணிசமான பங்கு பின்தங்கிவிடும். பியரில் வடித்தல் கிடையாது. தானியத்தில் இருந்த புகை பெருமளவு கோப்பைவரை வந்துவிடும். அதனால் மொத்த மால்ட்டில் சில சதவீதம் மட்டுமே பீட் மால்ட் சேர்ப்பது வழக்கம். கை கொஞ்சம் நீண்டால் சாம்பல் கிண்ணத்தை நக்கியது போல ஆகிவிடும்.

இனி வரும் செய்தி ரசிகர்கள் பலருக்குக் கசக்கும். ஸ்காட்லாந்தின் பழைய ஏலில் இந்தப் புகை இருந்ததில்லை.

எடின்பரோ, அலோவா போன்ற பியர் நகரங்கள் நிலக்கரி தாராளமாகக் கிடைத்த தாழ்நிலப் பகுதியில் இருந்தன. அங்கே மால்ட்டைப் பதமாக உலர்த்த பீட் தேவைப்படவில்லை. புகை நாற்றமில்லாத மால்ட்டையே பியர் காய்ச்சுகிறவர்கள் நல்ல மால்ட் என்றார்கள். பழைய ஆலைகளின் காய்ச்சல் பதிவேடுகளைப் புரட்டிய பியர் வரலாற்றாளர் ரான் பேட்டின்சன் போன்றவர்கள் இதை அழுத்திச் சொல்லிவருகிறார்கள். ‘ஸ்காட்ச்’ என்றதும் விஸ்கி, விஸ்கி என்றதும் புகை என்று கடலுக்கு அப்பாலிருந்து போட்ட முடிச்சுதான் இது. 1980களில் பிரான்சின் அல்சாஸ் பகுதியிலிருந்து ‘ஆடல்ஸ்காட்’ என்ற பியர் விஸ்கி மால்ட்டோடு வந்தது. அமெரிக்காவின் மிச்சிகனிலுள்ள ஃபவுண்டர்ஸ் ஆலை, 8.5 சதவீத ஆல்கஹால் கொண்ட தன் ‘டர்ட்டி பாஸ்டர்ட்’ ஏலில் புகையும் பீட்டும் லேசாகத் தெரியும் என்றே விளம்பரப்படுத்தியது. பியர்ப் போட்டி நடுவர்களுக்கான பிஜேசிபி விதிகளோ பீட் மால்ட் ஸ்காட்டிஷ் மரபல்ல என்று அடித்துச் சொல்லி, புகையேறிய ஏலைப் புகை பியர்களின் வரிசைக்கு அனுப்பிவிடுகின்றன.

புகையில்லாத அசல் எப்படி இருக்கும் என்று பார்க்க ட்ராக்வேர் மாளிகையின் ஏல் நல்ல உரைகல். தென் ஸ்காட்லாந்தில் இன்னர்லீதன் ஊரருகே உள்ள இந்த மாளிகையில், 18ஆம் நூற்றாண்டுச் செப்புக் கொப்பரையோடு பியர் காய்ச்சும் அறை ஒன்று தூங்கிக் கிடந்தது. மாளிகையின் 20ஆவது உரிமையாளர் பீட்டர் மாக்ஸ்வெல் ஸ்டூவர்ட் 1965இல் அதை எழுப்பினார். இன்றும் ஓக் தொட்டிகளில்தான் நொதிக்கிறது. ஆல்கஹால் 7.2 சதவீதம். உலர்ந்த திராட்சை, கருகும் தறுவாயில் உள்ள சர்க்கரை, கொஞ்சம் மரவாசம், புகை இல்லை. இத்தகைய கனத்த ஏலுக்கு ‘வீ ஹெவி’ என்று பெயர். வீ என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் குட்டி. குட்டிப் புட்டியில் விற்கப்பட்ட கனமான சரக்கு.

மரபில்லை என்பதற்காகச் சுவையில்லை என்றாகிவிடுமா? சரியான அளவில் இட்ட புகை, மால்ட்டின் திகட்டும் இனிப்பை அறுத்துவிடுகிறது. பொங்கலில் தட்டுப்படும் மிளகு செய்வதைப் போன்ற வேலை. இந்தப் புகை ஏலை ஐஸ் போலக் குளிரவைத்தால் கெட்டது. 10 முதல் 13 டிகிரி போதும். வயிறு அகன்று வாய் குறுகிய கோப்பையில் பாதி மட்டும் ஊற்றி, முகர்ந்து, சிறு மடக்காக நாவில் பரவவிட வேண்டும். விழுங்கிய பின் மூக்கு வழியே மூச்சை வெளியே விட்டால், தொண்டையிலிருந்து புகை மறுபடி மேலேறும்.

ஐந்தாறு மடக்கு போனதும் புகை மறைந்துவிட்டதாகத் தோன்றும். மறைவதில்லை, மூக்கு பழகிவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் கேரமலும் உலர்பழமும் வெளியே தலைகாட்டும். கோப்பையைக் கீழே வைத்து, ஒரு துண்டு ரொட்டியும் இரண்டு வாய்த் தண்ணீரும் உள்ளே போய்ச் சற்று நேரம் கழிந்து மறுபடி எடுத்தால், அடுப்பு திரும்பவும் புகையத் தொடங்கியிருக்கும்.