எழுபது டாலர் கேம் ஏன் எண்பது ஆகிறது?

2025 ஏப்ரல் தொடக்கத்தில் நின்டெண்டோ தன் புதிய கன்சோலான ஸ்விட்ச் 2-ஐப் பற்றிய விவரங்களை வெளியிட்டது. அதோடு வரவிருந்த ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ கேமுக்கு அமெரிக்காவில் 80 டாலர் என்று தெரிந்ததும், கம்பெனி நடத்திய நேரலையில் “விலையைக் குறை” என்ற ஒரே வரி ஓயாமல் வந்து விழுந்தது. அடுத்த மாதமே மைக்ரோசாஃப்டும் தன் புதிய கேம்களில் சிலவற்றுக்கு 80 டாலர் வைக்கப்போவதாகச் சொன்னது. ‘தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2’ அந்த விலையில் முன்பதிவுக்கும் வந்தது. ஜூலையில், பழைய 70 டாலரே போதும் என்று கம்பெனி இறங்கி வந்துவிட்டது.

பத்து டாலருக்கு இத்தனை அமளியா என்று தோன்றலாம். கம்பெனிக்காரர்களின் பேராசைதான் காரணம் என்று ரசிகர்கள் பலர் சொல்கிறார்கள். பேராசை இல்லாமல் இல்லை. ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் இந்தத் தொழிலுக்குள் என்ன நடக்கிறது என்பது பிடிபடாது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. நிதானமாகவே பார்ப்போம்.

முதலில் விலையின் பழைய கதை. 1990-களின் முற்பகுதியில் கேம்கள் கேட்ரிட்ஜில் வந்தன. அதற்குள் மெமரி சிப் இருக்கும். கேம் பெரிதானால் சிப்பும் பெரிதாகும், விலையும் ஏறும். 1995-ல் ‘க்ரோனோ ட்ரிகர்’ அமெரிக்கக் கடைகளில் 80 டாலர் வரை விற்றது. சோனியின் பிளேஸ்டேஷன் சிடியைக் கொண்டுவந்த பிறகு ஒரு பிரதியை அச்சடிக்கும் செலவு மிகவும் குறைந்தது. விலையும் 50 டாலர் பக்கம் இறங்கியது. 2005-ல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது 60 டாலர். அதன் பிறகு 15 வருடம் அந்த எண் அசையவில்லை. 2020-ல்தான் 70 ஆனது.

2005-ல் கொடுத்த 60 டாலர், இன்றைய பண மதிப்பில் ஏறக்குறைய 100 டாலர். அப்படிப் பார்த்தால் கேம் மலிந்துகொண்டேதான் வந்திருக்கிறது. கம்பெனிகள் விரும்பி எடுத்து வைக்கும் வாதம் இது, கணக்கும் சரிதான். ஆனால் வீட்டு வாடகையும் மளிகையும் ஏறிப்போய்க் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவரிடம் பணவீக்கக் கணக்கைக் காட்டி என்ன பயன்? அவருக்கு எண்பது என்றால் எண்பதுதான்.

விலை நின்ற இடத்திலேயே நின்றபோது, செலவு எங்கே போனது? பெரிய கம்பெனிகள் இதை வெளியே சொல்வதில்லை. ஒருமுறை தற்செயலாகத் தெரிந்துவிட்டது. கேம் கம்பெனியான ஆக்டிவிஷன் பிளிஸார்டை மைக்ரோசாஃப்ட் வாங்கக் கூடாது என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கு 2023 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. அதில் சோனி கொடுத்திருந்த ஓர் ஆவணத்தில் ரகசிய எண்களைக் கறுப்பு மார்க்கர் பேனாவால் அடித்து மறைத்திருந்தார்கள். தாளை ஸ்கேன் செய்து வெளியிட்டபோது மைக்கு அடியில் இருந்த எண்கள் அப்படியே தெரிந்தன. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ கேமைத் தயாரிக்க 22 கோடி டாலர்; உச்சத்தில் சுமார் 200 ஊழியர்கள். ‘ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட்’ கேமுக்கு 21.2 கோடி டாலர், 300 ஊழியர்கள்.

முதல் கேமை எடுத்துக்கொள்வோம். அதை உருவாக்க ஏறக்குறைய ஆறு வருடம் ஆனது. 200 பேரும் முழு ஆறு வருடம் இருந்ததாகவே வைத்து 22 கோடியை வகுத்தால், ஓர் ஆளுக்கு மாதம் சுமார் 15,000 டாலர் வருகிறது. சம்பளம், மருத்துவக் காப்பீடு, அலுவலக வாடகை, கணினி எல்லாம் அதற்குள் அடக்கம். கலிஃபோர்னியாவில் இது ஊதாரித்தனம் அல்ல, நடைமுறைச் செலவு. கேமின் செலவு என்பது பெரும்பாலும் மனிதர்களின் மாதங்கள்தான். டிவியின் திரை ஒவ்வொரு தலைமுறையிலும் துல்லியமாகிக்கொண்டே போகிறது. கதாநாயகி மழையில் நடந்தால் சட்டை நனைய வேண்டும், முடி கற்றையாக ஒட்ட வேண்டும், சேற்றில் கால்தடம் விழ வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். விளையாடுகிறவர் அந்தத் தெருவை நாற்பது நொடியில் ஓடிக் கடந்துவிடுவார்.

சரி, 70 டாலரில் தயாரித்தவர் கைக்கு எவ்வளவு வரும்? பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்டீம் ஆகிய இணையக் கடைகளில் வழக்கமான கழிவு 30 சதவீதம். சொந்தக் கடை வைத்திருக்கும் சோனிக்கு அந்தக் கவலை குறைவு. மற்ற பதிப்பாளருக்கு மிஞ்சுவது 49 டாலர். 22 கோடியை எடுக்க அவர் சுமார் 45 லட்சம் பிரதிகளை முழு விலைக்கு விற்க வேண்டும். விளம்பரச் செலவு தனி. பெரிய கேம்களில் அது தயாரிப்புச் செலவை எட்டிப்பிடிப்பதும் உண்டு. சில மாதங்களில் தள்ளுபடி தொடங்கிவிடும் என்பதால் எல்லாப் பிரதியும் முழு விலைக்குப் போகாது.

இப்போது விலையை 80 ஆக்குவோம். கைக்கு 56 டாலர் வரும். தேவைப்படும் பிரதிகள் சுமார் 39 லட்சமாகக் குறையும். லாபம்தானே என்றால், எட்டில் ஒருவர் “இந்த விலைக்கு வேண்டாம், தள்ளுபடி வரட்டும்” என்று ஒதுங்கினாலே அந்தக் கூடுதல் ஏழு டாலரின் பலன் கரைந்துபோகும். மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியதைப் பார்க்கும்போது, இந்தக் கணக்கை அங்கேயும் யாரோ போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நின்டெண்டோவால் முடிந்ததற்கு மரியோ காரணம். அதோடு கன்சோலுடன் சேர்த்து 500 டாலருக்கு வாங்கினால் அந்தக் கேம் 50 டாலருக்கே கிடைத்தது. பெரும்பாலானவர்கள் எந்த வழியில் வாங்குவார்கள் என்பதை யோசித்து வைத்த விலை அது.

பதினைந்து வருடம் விலை ஏறாமல் சமாளித்தது எப்படி என்றால், வாங்குகிறவர்கள் பெருகிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெருக்கம் இப்போது மட்டுப்பட்டுவிட்டது. அதைவிட முக்கியம், மக்களின் நேரத்தை ஏற்கெனவே சில கேம்கள் பிடித்து வைத்திருக்கின்றன. மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ், ஜிடிஏ ஆன்லைன், ஃபோர்ட்நைட் எல்லாம் பல வருடப் பழையவை. ரோப்லாக்ஸும் ஃபோர்ட்நைட்டும் இலவசம். நம் ஊர்ப் பையன்களையே பாருங்கள்: 4,999 ரூபாய் கொடுத்து பிளேஸ்டேஷன் டிஸ்க் வாங்குகிறவர் எத்தனை பேர், போனில் காசில்லாமல் பிஜிஎம்ஐ விளையாடுகிறவர் எத்தனை பேர்? புதிதாக வரும் கேம் இலவசத்தோடும் போட்டி போட வேண்டும், நண்பர்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் இடத்தோடும் போட்டி போட வேண்டும்.

இதில் தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு ‘கான்கார்ட்’ சாட்சி. சோனிக்குச் சொந்தமான ஃபயர்வாக் ஸ்டுடியோ உருவாக்கியது. பல வருட உழைப்பு. 2024 ஆகஸ்ட் 23 அன்று 40 டாலர் விலையில் வெளியானது. இணையத்தில் அணி சேர்ந்து சுட்டு விளையாடும் அதே வகையில் ஓவர்வாட்ச் 2-உம் வேலரன்ட்டும் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தன. ஆள் சேரவில்லை. செப்டம்பர் 6 அன்று சர்வரை நிறுத்தி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். முழுதாக இரண்டு வாரம்! அக்டோபரில் ஸ்டுடியோவையே மூடினார்கள். நம் சினிமாவில் உச்ச நடிகர் படம் படுத்தால் தயாரிப்பாளர் படும் பாடு தெரியும். ஆனாலும் படச்சுருள் மிஞ்சும், டிவியிலாவது ஓடும். சர்வரை நம்பிய கேமில் எதுவும் மிஞ்சாது. அந்த வருடங்களில் அங்கே வேலை பார்த்த ஓவியர் தன் பிள்ளைக்குக் காட்டக்கூட அது எங்கும் ஓடாது. இந்த இடத்தில் எனக்கு மனம் ஆறவே மாட்டேன் என்கிறது.

கன்சோலுக்கு வருவோம். அதைக் குறைந்த லாபத்துக்கு, சமயத்தில் நஷ்டத்துக்கே விற்று, கேமில் சம்பாதிப்பதுதான் இந்தத் தொழிலின் பழைய முறை. வருடம் போகப்போக சிப் செலவு குறையும். கன்சோல் விலையும் இறங்கும். 2000-ல் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009-ல் 99 டாலர். இந்தத் தலைமுறையில் அது தலைகீழாகிவிட்டது. டிஸ்க் இல்லாத பிளேஸ்டேஷன் 5, 2020-ல் 399 டாலர். 2025 ஆகஸ்டில் 499. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499-ல் தொடங்கி, 2025-ல் மட்டும் இரண்டு முறை ஏறி 649 ஆனது. புதிய தொழில்நுட்பத்தில் சிப்பைச் சிறிதாக்கினாலும் முன்பு போல மலிவதில்லை. அமெரிக்கா போட்ட இறக்குமதி வரி வேறு. அந்தக் குழப்பத்தில் ஸ்விட்ச் 2-இன் அமெரிக்க முன்பதிவையே நின்டெண்டோ தள்ளிவைத்தது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரியை வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் அதன் விலையும் எகிறியது. கன்சோலைக் காத்திருந்து மலிவாக வாங்குகிறவர்தான் கேம் தொழிலின் அடுத்த வாடிக்கையாளர். அவருக்குக் கதவு மூடிக்கொண்டிருக்கிறது.

மாதச் சந்தாவைத் தீர்வாகச் சொன்னார்கள். மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் 2017-ல் மாதம் 10 டாலருக்கு வந்தது. அதன் உயர்ந்த வகை 2025 அக்டோபரில் 20-லிருந்து ஒரேயடியாக 30 டாலர் ஆனது. சந்தாவில் வெளியான ‘ஹை-ஃபை ரஷ்’ 2023-ல் விமர்சகர்களும் ரசிகர்களும் ஒருசேரக் கொண்டாடிய கேம். அதை உருவாக்கிய டோக்கியோவின் டாங்கோ கேம்வொர்க்ஸை 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் மூடியது. பிஜிஎம்ஐ-யை நடத்தும் அதே கொரிய கம்பெனி கிராஃப்டான்தான் அந்த ஸ்டுடியோவையும் கேமின் உரிமையையும் பிறகு எடுத்துக்கொண்டது. நன்றாகச் செய்தால் வேலை நிலைக்கும் என்ற குறைந்தபட்ச நம்பிக்கையும் இல்லாத இடத்தில் யார் துணிந்து புதிதாக யோசிப்பார்கள்?

கொரோனாக் காலத்தில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது கேம் விற்பனை உயர்ந்தது. வட்டியும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. அது நீடிக்கும் என்று நம்பி ஆளெடுத்தார்கள், கம்பெனிகளை வாங்கினார்கள். ஸ்வீடனின் எம்பிரேசர் கம்பெனி, ஸ்டுடியோ ஸ்டுடியோவாக வாங்கிக் குவித்தது. 2023 மே மாதம் அது நம்பியிருந்த 200 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்று முறிந்தது. மூன்று மாதத்தில், ‘செயின்ட்ஸ் ரோ’ கேமைத் தந்த, முப்பது வருடப் பழைய வொலிஷன் ஸ்டுடியோ மூடப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷனை வாங்கி முடித்தது 2023 அக்டோபரில். 2024 ஜனவரியில் கேம் பிரிவில் 1,900 பேரை அனுப்பியது. முடிவெடுத்தவர்கள் வேறு, வேலை இழந்தவர்கள் வேறு. கேம் விலை உயர்வைப் பற்றிக் கோபப்படுகிறவர்கள் இதற்கும் கோபப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

வேறு வழியே இல்லையா? 2025-ல் இரண்டு கேம்கள் இந்தக் கேள்வியைத் திரும்ப எழுப்பின. பிரான்சின் மோன்பெலியே நகரில் முப்பது பேர் அளவிலான சான்ட்ஃபால் ஸ்டுடியோ உருவாக்கிய ‘க்ளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33’ 50 டாலருக்கு வந்து, அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதையும் பெற்றது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சிறு குழு செய்த ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ 20 டாலர். வெளியான அன்று வாங்க முண்டியடித்த கூட்டத்தில் இணையக் கடைகளே திணறின. முப்பது பேர் கதையை மந்திரம் போல ஓதக் கூடாது; வெளியிலிருந்து உதவிய கலைஞர்கள் நிறைய உண்டு, இதேபோல் முயன்று காணாமல் போன சிறு ஸ்டுடியோக்களும் ஏராளம். ஆனால் செலவு சிறியதாக இருந்தால் தோல்வியும் தாங்கக்கூடியதாக இருக்கிறது. அடுத்த கேமைச் செய்ய ஆட்கள் மிஞ்சுகிறார்கள். முடியின் ஈரத்துக்கு ஆறு வருடம் செலவிடுவதைவிட, இரண்டு வருடத்தில் ஒரு நல்ல யோசனையை முடித்து 40 டாலருக்கு விற்பதையே பெரிய கம்பெனிகளும் பழக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பெரிய பணம் அந்தத் திசையில் போகவில்லை. 2025 செப்டம்பர் கடைசியில், கேம் கம்பெனியான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸை 5,500 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தத்தைச் சவூதி அரசின் முதலீட்டு நிதியமும் கூட்டாளிகளும் அறிவித்தார்கள். அதில் 2,000 கோடி டாலர் கடன். அந்தக் கடன் கம்பெனியின் தலையில்தான் ஏறும். கால்பந்து கேமுக்குள் வீரர் அட்டைகளைச் சில்லறையாக விற்று வரும் பணம், புதிய கேம்களுக்குப் போவதற்கு முன் வட்டிக்குப் போக வேண்டியிருக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்கும் கேமின் உறை மேலே ஒட்டிய விலையை மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே நுழைந்த பிறகு என்னென்ன விற்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.