தடித்த கோதிக் எழுத்து: உருவமும் பயனும்

அச்செழுத்தின் உருவத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. சொல்லின் பொருளை அறியுமுன்னரே வாசகர் அவ்வுருவத்தால் ஒரு கருத்தை அடைந்துவிடுகிறார். ஜெர்மானிய அச்சுக்கலை தந்த 'ஃபெட்டெ ஃபிராக்டூர்' என்னும் தடித்த எழுத்து இதற்குச் சான்றாகும்.

1. தோற்றம்

அகன்ற முனையுடைய இறகுப் பேனாவால் இடைக்கால எழுத்தர்கள் நெருக்கி எழுதிய கையெழுத்தே கோதிக் எழுத்துகளின் தாய். ஏறத்தாழ 1455இல் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் அச்சிட்ட இலத்தீன் வேதாகமம் 'டெக்ஸ்டுரா' என்னும் வகையிலும், 1522 செப்டம்பரில் வெளிவந்த லூத்தரின் புதிய ஏற்பாடு 'ஷ்வாபாகர்' என்னும் வகையிலும் அச்சாயின. ஃபிராக்டூர் வகை, பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. 'உடைந்தது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே இப்பெயருக்கு மூலம். வளைவுகள் முறிந்து கோணங்களாக நிற்பதே காரணம். 1850இல் யோகான் கிறிஸ்தியான் பவுவர் என்னும் அச்செழுத்துக் கலைஞர் இதனை மிகத் தடிப்பாக்கி அமைத்தார். அதுவே ஃபெட்டெ ஃபிராக்டூர்.

2. அமைப்பும் பயனும்

இவ்வெழுத்தில் கருங்கோடுகள் பெருத்து, உள்ளே எஞ்சும் வெண்மை மெலிந்திருக்கும். ஆகவே பெரிய அளவில் கம்பீரமாகத் தோன்றும் இது, சிறிய அளவில் கறுப்புத் திட்டாகிவிடும். தலையெழுத்துகள் சுருள்கள் மிகுந்தவை; பழகாத கண்ணுக்கு 'ஏ' என்பது 'யு' போலத் தெரியும். சொல் முழுவதையும் தலையெழுத்துகளால் அமைத்தால் வாசிக்கவே இயலாது. விளம்பரம், விடுதிப் பலகை, மதுப்புட்டியின் ஒட்டுத்தாள் ஆகியவற்றிற்கு இது ஏற்றதாயிற்று. பழமையையும் உறுதியையும் ஒரே பார்வையில் உணர்த்துவதே இதன் ஆற்றல்.

3. எழுத்தின்மேல் ஏற்றப்பட்ட பொய்

நாசிகள் தொடக்கத்தில் கோதிக் எழுத்தை ஜெர்மானியப் பெருமையின் சின்னமாகப் போற்றினர். ஆனால் 1941 ஜனவரி 3ஆம் நாள், ஹிட்லரின் பெயரால் போர்மான் விடுத்த சுற்றறிக்கை இதனை 'யூத எழுத்து' எனப் பழித்து விலக்கியது. இதற்கு வரலாற்றில் யாதோர் ஆதாரமும் இல்லை. அச்சுற்றறிக்கைத் தாளின் தலைப்பே கோதிக் எழுத்தில் இருந்தது! அவர்களே விலக்கிய எழுத்தை இன்று பலர் நாசிகளின் எழுத்தென்றே கருதுகின்றனர்.

ஆயினும் எழுத்தைக் குற்றமற்றதென்று கூறிவிட்டு நாம் அமைதியடைய இயலாது. லூத்தரின் புதிய ஏற்பாட்டைத் தாங்கிய அதே கோதிக் மரபே, யூதருக்கு எதிராக அவர் 1543இல் வெளியிட்ட கொடிய நூலையும் தாங்கிற்று. நற்செய்தியும் பகைமையும் ஒரே கோலத்தில் மக்களிடம் சென்றன. புனிதமாகத் தோன்றும் எழுத்து, எழுதப்பட்டதைப் புனிதமாக்குவதில்லை.

4. திருப்பணியாளருக்கு

சான்றிதழிலோ நூலின் முகப்பிலோ இரண்டு மூன்று சொற்களுக்கு இவ்வெழுத்தைத் தக்கவாறு பயன்படுத்தலாம். சபையார் வாசித்து உணரவேண்டிய பகுதிக்கு இது ஆகாது. பழமையின் சாயலை நாடுமுன், 'இதை வாசிப்பவர் யார்? இதனால் எதை நினைவுகூர்வார்?' என்று வினவுவது நம் கடமையாகும்.