விரலுக்குத் தகுந்த வீக்கம், வண்டிக்குத் தகுந்த டயர்



கியா பார்ம் சந்தைப் பக்கம் ஒரு நாள் காலையில் நின்று பாருங்கள். பனிமூட்டம் விலகும் முன்பே முட்டைக்கோசும் தக்காளியும் கீரையும் ஏற்றிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு காலத்தில் கேமரன் மலையில் லேண்ட் ரோவர்தான் ராஜா. இன்றும் சில கிழட்டு லேண்ட் ரோவர்கள் இருமிக்கொண்டே ஓடுகின்றன. ஆனால் டீசல் பிக்கப்புகள் இப்போது அவற்றுக்குப் போட்டியாக வந்துவிட்டன. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த நம் குடும்பங்களிலும் பிள்ளைகள் காசு சேர்த்துத் தவணையில் பிக்கப் வாங்குகிறார்கள். மகிழ்ச்சிதான்.

வண்டி வாங்க நூறு பேரிடம் விசாரிக்கும் நாம், டயர் வாங்கும்போது மட்டும் கடைக்காரர் காட்டியதை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். "பெரிய டயர் போட்டால் வண்டிக்குக் கம்பீரம், மலைக்கும் நல்லது" என்ற பேச்சு வேறு. இது சரிதானா? என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

என் மனைவியின் தம்பி பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினார். காய்கறி ஏற்றிக் கீழே கொண்டு போவது அவர் தொழில். நான்கு டயரும் தேய்ந்திருந்ததால், கீழே ஏதோ ஒரு கடையில் புது டயர் மாட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். "எப்படி மாமா இருக்கு நம்ம வண்டி?" என்றார். வண்டி யானைக் குட்டி போல் உயர்ந்து நின்றது. "நன்றாக இருக்கிறது தம்பி" என்றேன். அப்படிச் சொன்னதற்குப் பின்னால் வருந்தினேன்.

சில வாரம் கழித்துத் தாப்பாவில் ஒரு திருமணம். வண்டியின் பின்னால் கோஸ் பெட்டிகள். உள்ளே அவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். கியா பார்ம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். தாப்பாவோ சமவெளி. அவ்வளவு உயரத்தையும் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ரிங்லெட்டைத் தாண்டியதும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும் போதெல்லாம் முன் சக்கரத்தில் கரகரவென்று சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச தூரத்தில் கருகல் நாற்றம் வந்தது. பிரேக்கை மிதித்தால் பஞ்சை மிதிப்பது போல் கால் உள்ளே போயிற்று. ஒதுங்க ஓர் இடம் கிடைத்தது கடவுள் செயல். சக்கரத்திலிருந்து புகை வந்தது. பிள்ளைகள் அதை வேடிக்கை என்று சிரித்தார்கள். பெரியவர்கள் மூவரும் வெகுநேரம் பேசவில்லை.

பிரேக் ஆறிய பிறகு, முதல் கியரில் ஊர்ந்து தாப்பா போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு மெக்கானிக் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, உட்புறத்தில் ஒட்டியிருந்த சிறிய தாளைக் காட்டினார். அதில் 245/70 ஆர் 16 என்றிருந்தது. டயரிலோ 265/75 ஆர் 16 என்றிருந்தது. "ரிம் ஒன்றுதான், அதனால் மாட்டிக்கொண்டது. ஆனால் இது உங்கள் வண்டிக்கு உள்ள டயர் இல்லை" என்றார். இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே நம்பி வந்ததையும் கண்டித்தார்.

இந்த எண்கள் என்ன சொல்கின்றன?

முதல் எண் 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்த 70 என்பது டயரின் பக்கச் சுவர் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 70 பங்கு. 'ஆர்' என்பதை ரிம் என்று பலர் நினைக்கிறார்கள். அது 'ரேடியல்' என்னும் டயர் கட்டும் முறையைக் குறிப்பது. கடைசி 16தான் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். பழைய லேண்ட் ரோவர் டயரில் 7.50–16 என்றிருக்கும். அதில் அகலமும் அங்குலக் கணக்குதான்.

இதை நான் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காட்டுக் கணக்காகவே கொடுத்துவிட்டேன். 245இல் 70 விழுக்காடு 171.5. மேலும் கீழும் இரண்டு சுவர், ஆக 343. 16 அங்குலம் என்பது 406.4 மில்லிமீட்டர். கூட்டினால் டயரின் முழு உயரம் ஏறக்குறைய 749 மில்லிமீட்டர். அதே கணக்கில் 265/75 ஆர் 16 டயரின் உயரம் 804. நூற்றுக்கு ஏழுக்குமேல் வித்தியாசம்!

ஏழு விழுக்காடு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். சரியான டயர் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் 35 சென்டிமீட்டர் போகும். பெரியது 2 மீட்டர் 53 போகும். வேகமானி சக்கரத்தின் சுற்றை வைத்துத்தான் வேகம் சொல்கிறது. ஆகவே அது 60 காட்டும்போது வண்டி உண்மையில் 64க்கு மேல் ஓடுகிறது. ஏற்றத்தில் எஞ்சின் கூடுதலாகத் திணறும். இறக்கத்தில் கியர் பிடித்து நிறுத்தும் பலம் குறையும். அந்தக் குறையையும் பிரேக்கே சுமக்க வேண்டும். பின்னால் சுமை, முன்னால் நீண்ட இறக்கம் என்றால் பிரேக் சூடேறாமல் என்ன செய்யும்? மலைக்கு நல்லது என்று நாம் மாட்டியதே மலையில் நமக்கு எதிரியாகிவிட்டது.

யாரும் பார்க்காத எண்

அளவுக்குப் பின்னால் இன்னோர் எண் இருக்கும். 107 அல்லது 111 போல. அதுதான் டயர் தாங்கும் சுமையின் குறியீடு. 107 என்றால் ஒரு டயர் 975 கிலோ தாங்கும். 111 என்றால் 1,090 கிலோ. 245/70 ஆர் 16 அளவிலேயே இரண்டு வகையும் விற்கிறார்கள். விலை குறைந்தது எது என்று மட்டும் கேட்டால், டயருக்கு 115 கிலோ குறைவாக வாங்கி வந்துவிடுவோம்.

கோஸ் மூட்டைகளின் பாரம் பெரும்பாலும் பின் சக்கரங்களில்தான் விழும். பின்புறம் மொத்தம் 1,900 கிலோ இறங்கினால் ஒவ்வொரு டயரிலும் 950 கிலோ. 107 டயர் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இன்னும் நான்கு மூட்டை ஏறினால்? ஆகவே தாளில் உள்ள குறியீட்டுக்குக் குறைவானதை ஒருபோதும் வாங்காதீர்கள். காற்றும் சரியாக இருந்தால்தான் டயர் அந்தப் பாரத்தைத் தாங்கும். காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். சுமைக்கு எவ்வளவு என்று அந்தத் தாளிலேயே இருக்கும்.

மற்றும் சில

கரடுமுரடான பெரிய பட்டன் வைத்த சேற்று டயர், ஈரத் தார்ச்சாலையில் அவ்வளவு பிடிப்புத் தராது. நாம் தோட்டத்து மண் பாதையிலும் தார்ச்சாலையிலும் மாறி மாறி ஓடுகிறவர்கள். நமக்கு இரண்டுக்கும் பொதுவான 'ஏ.டி.' வகை ஏற்றது. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் நான்கு டயரும் ஒரே அளவாக இருக்கட்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. புது டயர் என்று பழைய சரக்கைத் தலையில் கட்டாமல் இருக்க இது உதவும். டயரின் வரிப்பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் உண்டு. ரப்பர் அந்த மேட்டு மட்டத்துக்குத் தேய்ந்தால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். அதற்குமேல் ஒரு நாளும் ஓட்டக் கூடாது. மழையும் மூடுபனியும் உள்ள நம் மலையில் அதற்கு முன்பே மாற்றுவது புத்திசாலித்தனம்.

மைத்துனர் அந்தப் பெரிய டயர்களை நட்டத்துக்கு விற்றுவிட்டு, தாளில் உள்ள அளவையே மாட்டினார். வண்டி முன்போல் உயரமாக இல்லை என்று அவருக்குச் சிறு வருத்தம். அவர் மனைவிக்கு இல்லை.

வாசகர்களே, அடுத்த முறை டயர் கடைக்குப் போகுமுன், கதவோரத் தாளில் உள்ள அளவு, சுமைக் குறியீடு இரண்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறாம் ஆண்டு படிக்கும் மகனோ மகளோ இருந்தால் கூட அழைத்துப் போங்கள். கடைக்காரர் வேறு அளவைக் காட்டினால், பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்த வண்டியில் வருவது கோஸ் மட்டும் அல்ல, அந்தப் பிள்ளையும்தான்.