பூச்சு வேலைக்கு முன்பே முடிவு செய்யுங்கள்!
காலிங் பெல், கேமரா, அலாரம்: எதற்கு எந்த ஒயர்?

புது வீடு கட்டுகிறவர்களிடம் ஒயரிங் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஏசி பாயின்ட் எத்தனை, இன்வெர்ட்டர் எங்கே, மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் எத்தனை பிளக் என்று கடகடவென ஒப்பிப்பார்கள். காலிங் பெல்? ‘அதை எலெக்ட்ரீஷியன் பார்த்துக்குவார்.’ கேமரா கிரகப்பிரவேசம் முடிந்த பிறகுதான் ஞாபகத்துக்கே வரும். அதற்குள் பெயின்ட் காய்ந்திருக்கும். கேமரா மாட்ட வருகிறவர் புதுச் சுவரில் டிரில் போட்டு, வெள்ளை கேசிங் பட்டி அடித்து, ஜன்னல் இடுக்கு வழியாக ஒயரை வெளியே இழுத்துவிட்டுப் போவார்.

பெல்லும் கேமராவும் சில வருடங்களில் மாறிவிடும். சுவருக்குள் போன பைப்பும் ஒயரும் மாறாது. எனவே எந்த கம்பெனி கேமரா என்று அலசுவதற்கு முன்னால், எந்த ஒயர், எவ்வளவு தடிமன், எந்த வழி என்பதை முடிவு செய்துவிடுவதே புத்திசாலித்தனம்.

பெல் சுவிட்சில் எதற்கு 230 வோல்ட்?

ஃபேனுக்கும் லைட்டுக்கும் போகும் அதே 230 வோல்ட்தான் நம் வீடுகளில் பெரும்பாலும் பெல் சுவிட்சுக்கும் போகிறது. ஃபிளாட்டில், நனையாத வாசல் ஓரத்தில் இருக்கும்வரை பெரிய கவலையில்லை. தனி வீட்டில் கதை வேறு. கேட் தூணில் பதித்த சுவிட்ச் வெயிலில் வெளிறி விரிசல் விடுகிறது. உள்ளே எறும்பு குடியேறுகிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்குகிறது. ஈரக் கையோடு பால்காரரும் பேப்பர் பையனும் அழுத்துவது அதைத்தான்.

அமெரிக்க வீடுகளில் பெல்லுக்கென்றே தனி டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. வாசல் பட்டனுக்குப் பொதுவாக 16 முதல் 24 வோல்ட்தான் வரும். இங்கும் இது சாத்தியமே. மெயின் போர்டில் எம்சிபிக்குப் பக்கத்தில் மாட்டக்கூடிய சின்ன பெல் டிரான்ஸ்ஃபார்மர், 230 வோல்ட்டை 8 அல்லது 12 வோல்ட்டாகக் குறைத்துவிடும். அதே வோல்ட்டில் வேலை செய்யும் பெல்லை வாங்கினால் போதும். நனைந்தாலும் ஷாக் பயமில்லை.

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ வீடியோ டோர்பெல் வாங்கி அனுப்பினால் கவனம் தேவை. பழைய பெல் சுவிட்சைக் கழற்றி, அந்த ஒயரிலேயே இதை மாட்டினால் 230 வோல்ட் ஏறி அந்தக் கணமே புகைந்துவிடும். அங்கிருந்தே டிரான்ஸ்ஃபார்மரையும் வரவழைப்பதில் பயனில்லை. அது அந்த ஊர் 120 வோல்ட்டுக்கானது. கருவியின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்து, அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மரை இங்கேயே வாங்க வேண்டும்.

ராத்திரியில் மட்டும் அணையும் கேமரா

‘பகல் முழுக்க நன்றாக ஓடுகிறது, இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து எரிகிறது.’ சர்வீஸுக்கு வரும் புகார்களில் இது அடிக்கடி கேட்பது. பல நேரங்களில் கேமரா மேல் குற்றமில்லை. இருட்டியதும் அதற்குள் இருக்கும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கி, ஆம்பியர் கூடுகிறது. மெல்லிய ஒயர் அதைத் தாங்காமல், வழியிலேயே வோல்ட்டைத் தின்றுவிடுகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பவர் சப்ளையிலிருந்து கேமராவுக்கு 30 மீட்டர். போய்த் திரும்ப 60 மீட்டர் ஒயர். கேமரா 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.2 ஸ்கொயர் (சதுர மி.மீ.) மெல்லிய ஒயராக இருந்தால் கேமராவுக்குப் போய்ச் சேருவது சுமார் 9.3 வோல்ட். அரை ஸ்கொயர் என்றால் 10.8. ஒரு ஸ்கொயர் என்றால் 11.4.

கேட் பூட்டு இன்னும் பேராசைக்காரன். திறக்கும் நொடியில் ஒன்றரை ஆம்பியர் இழுக்கும் மின்பூட்டை, அதே 30 மீட்டரில் அரை ஸ்கொயர் ஒயரில் கொடுத்தால் எட்டரை வோல்ட்தான் மிஞ்சும். ‘டக்’ என்று சத்தம் வரும், பூட்டு திறக்காது. கடைக்காரர் பூட்டை மாற்றித் தருவார்; புதுப் பூட்டும் ‘டக்’ என்றே சொல்லும். பூட்டுக்கு மட்டும் ஒன்றரை ஸ்கொயர் ஒயரைத் தனியாக இழுத்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது.

ஒரே கேபிளில் படமும் பவரும்

பழைய அனலாக் கேமராவுக்கு ‘3+1’ கேபிள். அதில் படத்துக்கு ஒரு கோஆக்ஸியல், பவருக்கும் ஒலிக்கும் மூன்று மெல்லிய ஒயர். ஏற்கெனவே இருந்தால் இருக்கட்டும். புதிதாக இழுப்பதென்றால் இன்றைக்கு லேன் கேபிள்தான் சரி: எட்டுக் கம்பி, நான்கு ஜோடி உள்ள கேட்-6. ‘பிஓஇ’ எனப்படும் முறையில் படமும் பவரும் இந்த ஒரே கேபிளில் போய்வரும்.

இதன் சூட்சுமம் வோல்ட்டில் இருக்கிறது. 12-க்குப் பதில் சுமார் 48 வோல்ட்டில் அனுப்புவதால், அதே 6 வாட் கேமராவுக்கு நான்கில் ஒரு பங்கு ஆம்பியர் போதும். 30 மீட்டரில் நஷ்டம் சுமார் கால் வோல்ட்தான் என்று சொல்லிவிடலாம். 2003-ல் வந்த முதல் பிஓஇ தரமே ஒரு இணைப்புக்கு 15.4 வாட் வரை தருகிறது. 2009-ல் அது 30 வாட் ஆனது. வீட்டுக் கேமராவுக்கு முதலாவதே தாராளம். தூரம் 100 மீட்டர் வரை போகலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. எல்லாக் கேபிளும் ஒரே இடத்தில் வந்து முடிவதால், அங்கிருக்கும் ரெக்கார்டரையும் பிஓஇ சுவிட்சையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டால் போதும். கரண்ட் போனாலும் எல்லாக் கேமராவும் விழித்திருக்கும்.

வாங்கும்போது ஏமாறுவது ஒரு இடத்தில். கடையில் ‘சிசிஏ’ என்று மலிவாக ஒரு கேபிள் கிடைக்கும். அது அலுமினியத்தின் மேல் செம்பு முலாம். கம்பி நுனியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். முழுச் செம்பைவிட மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். நாலைந்து முறை மடக்கினால் ஒடியும். கேட்-6 தர விதிகள் இதை ஏற்பதே இல்லை. சுவருக்குள் புதைப்பதற்கு இது வேண்டாம்.

அலாரத்துக்கு மெல்லிய ஒயரே போதும்

எல்லாவற்றுக்கும் தடித்த ஒயர் தேவையில்லை. கதவுச் சட்டத்தில் ஒரு குட்டி சுவிட்ச், கதவில் ஒரு காந்தம். திருட்டு அலாரத்தின் சென்சார் இவ்வளவுதான். இதில் ஓடுவது மில்லி ஆம்பியர் கணக்கு. 0.2 ஸ்கொயர் ஒயரே தாராளம். இங்கே முக்கியம், இணைக்கும் முறை.

1853-ல் அமெரிக்காவின் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் மின்காந்தத் திருட்டு மணிக்குக் காப்புரிமை வாங்கினார். கதவு திறந்தால் சர்க்யூட் சேர்ந்து மணி அடிக்கும். இந்த மாதிரி ஏற்பாட்டில் திருடன் முதலில் ஒயரை வெட்டிவிட்டால் மணி ஊமை. இன்றைய முறை இதற்கு நேர் எதிர். கதவு மூடியிருக்கும்வரை சர்க்யூட் சேர்ந்தே இருக்கும். கதவைத் திறந்தாலும் அறுந்துபோகும், ஒயரை வெட்டினாலும் அறுந்துபோகும். இரண்டுக்கும் அலாரம் அலறும். மாட்டுகிறவரிடம் ‘நார்மலி குளோஸ்டா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பைப் தனி, வழி தனி

குறைந்த வோல்ட் ஒயரை 230 வோல்ட் போகும் பைப்பில் நுழைக்கவே கூடாது. எங்காவது இன்சுலேஷன் தேய்ந்தால், 12 வோல்ட் ஒயர் வழியாக 230 வோல்ட் கேட் பட்டன்வரை வந்து நிற்கும். அனலாக் கேமரா என்றால் படத்திலும் கோடு ஓடும். இரண்டு பைப்புக்கும் நடுவே ஓர் அடியாவது விடுங்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் நேர்குறுக்காகக் கடக்கட்டும். சன்ஷேட் மூலைகளுக்குப் போகும் பைப்பை, ஸ்லாப் கான்கிரீட் போடும் முன்பே கம்பி கட்டும்போது வைத்துவிட வேண்டும்.

2021-ல், மின்தடைக்கு அணிலும் ஒரு காரணம் என்று தமிழக மின்துறை அமைச்சர் சொன்னபோது ஊரே சிரித்தது. மொட்டை மாடியில் கேபிள் இழுக்கிறவர்கள் அவ்வளவாகச் சிரித்திருக்க மாட்டார்கள். அணிலும் எலியும் கடிக்காமல், வெயிலில் உறை வெடிக்காமல் இருக்க, வெளியே போகும் கேபிள் பைப்புக்குள்தான் போக வேண்டும். காம்பவுண்ட் சுவர் மேலே இழுத்துக் கட்டிய நீள ஒயர், இடி மின்னலின்போது ரெக்கார்டருக்கே உலை வைக்கும். மண்ணுக்கடியில் கொண்டுபோய், வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் புரொட்டக்டர் வைத்து, அதை எர்த்தோடு சேர்ப்பது நல்லது.

எலெக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியவை

- கேட், வாசல், பின்வாசல், மாடிப்படி, வீட்டின் நான்கு மூலை: ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுச் செம்பு கேட்-6. கேட்டுக்கு மட்டும் இரண்டு. ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும்.
- ஒவ்வொரு கேபிளும் நேராக ஒரே இடத்துக்கு வர வேண்டும். லூப் அடிக்கவோ, நடுவில் ஜாயின்ட் போடவோ கூடாது.
- கேட் பூட்டுக்கு ஒன்றரை ஸ்கொயர் இரண்டு ஒயர்.
- 25 மி.மீ. பைப், முடிந்த இடத்தில் எல்போவுக்குப் பதில் வளைவான பெண்ட். கேட்டுக்குக் காலியாக இன்னொரு பைப், உள்ளே இழுவைக் கம்பியோடு.
- இரண்டு முனையிலும் எண் ஒட்டுங்கள். பூசும் முன் எல்லாச் சுவரையும் மொபைலில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஏசி மாட்ட வருகிறவர் டிரில்லை எடுக்கும்போது முதலில் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.