பழைய மகிழுந்தும் நான்கு எண்களும்

மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகா, 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகம் கண்டது. மிட்சுபிஷி நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் இயந்திரம் அதில் பொருத்தப்பட்டிருந்தது. அத்தகைய பழைய சாகாவை இன்றும் பேணி வருவோர் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ளனர். மேட்டில் ஏற வண்டி திணறினாலோ இயந்திரம் நடுங்கினாலோ, "இயந்திரத்தையே மாற்ற வேண்டுமோ?" என்னும் கவலை அவர்களுக்கு எழுகிறது. இயந்திரத்தைப் பிரிப்பதற்கு முன்பே இதற்கு ஓரளவு விடை காண உதவுவது அழுத்தச் சோதனை ஆகும்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலெழும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை அழுத்தப்படுகிறது. நன்கு அழுத்தப்பட்ட கலவை எரியும்போதுதான் போதிய ஆற்றல் கிடைக்கும். பிஸ்டன் வளையங்கள், வால்வுகள், சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள கேஸ்கெட் ஆகியவை இந்த அழுத்தம் கசியாமல் காக்கின்றன. இவற்றுள் ஒன்று தேய்ந்தாலும் அழுத்தம் குறையும்.

சோதனையின்போது இயந்திரம் சூடாக இருக்க வேண்டும். மின்கலமும் வலுவாக இருக்க வேண்டும். பட்டறைப் பணியாளர் தீப்பொறி இணைப்பைத் துண்டித்து, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுவார். பிளக் இருந்த துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, எண்ணெய் மிதியை முழுமையாக அழுத்தியபடி இயந்திரத்தைச் சில சுற்றுகள் சுழலச் செய்வார். ஒவ்வொரு சிலிண்டரின் அளவும் தனித்தனியே குறித்துக்கொள்ளப்படும்.

எடுத்துக்காட்டாக, அளவுகள் 165, 160, 162, 110 பி.எஸ்.ஐ. எனக் கொள்வோம். முதல் மூன்றும் ஏறத்தாழ ஒத்திருக்கின்றன. நான்காவதோ, மிக உயர்ந்த அளவில் மூன்றில் இரண்டு பங்கே உள்ளது. மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவில் 75 விழுக்காட்டுக்குக் கீழே சென்றால் குறைபாடு உள்ளது என்பது பொதுவான கணிப்பு. எனவே, ஓர் எண்ணைத் தனியே பார்க்காமல் நான்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே முறையாகும்.

அடுத்து, குறைந்த அளவு காட்டிய சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இயந்திர எண்ணெய் ஊற்றி மீண்டும் சோதிப்பர். எண்ணெய் வளையங்களின் இடைவெளியைச் சிறிது நேரம் அடைக்கும். அதனால் அளவு நன்கு உயர்ந்தால் வளையங்களோ சிலிண்டர் சுவரோ தேய்ந்துள்ளன எனலாம். உயராவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்டை ஆராய வேண்டும். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் மட்டும் அளவு குறைந்திருந்தால், அவற்றுக்கு இடையே கேஸ்கெட் பழுதடைந்திருக்கக்கூடும்.

நான்கு அளவுகளும் ஒருசேரக் குறைந்திருந்தால், உடனே இயந்திரத்தைக் குறைகூறக் கூடாது. மின்கலம் வலுவிழந்து இயந்திரம் மெதுவாகச் சுழன்றிருக்கலாம். எண்ணெய் மிதி அழுத்தப்படாமல் இருந்திருக்கலாம். அவற்றைச் சரிசெய்து மீண்டும் சோதிப்பது நல்லது.

வால்வைச் சீர்ப்படுத்தும் செலவும் இயந்திரத்தை முழுமையாகப் புதுப்பிக்கும் செலவும் ஒன்றல்ல. அளவுகளைப் புரிந்துகொண்ட உரிமையாளர், எந்தப் பழுது, ஏன் பார்க்கப்படுகிறது என்று பட்டறையில் தெளிவாகக் கேட்டறிய முடியும். ஒவ்வொரு சோதனையின் அளவுகளையும் நாளுடன் எழுதி வைத்தால், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கவும் அவை துணைபுரியும்.