சீட்டும் கணக்கும் - 9: ஆறரை டாலருக்கு ஏழு மாதம்

2003ல் கிறிஸ் மணிமேக்கர் நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி உலகப் போக்கர் தொடருக்குள் நுழைந்து, 25 லட்சம் டாலரோடு வெளியே வந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரக் கதையில் அப்படி ஒரு இரவு கிடையாது. இதன் நாயகர் ஆறரை டாலர் சேர்ப்பதற்கே ஏழு மாதம் பிடித்தது.

கிறிஸ் ஃபெர்குசன். நீண்ட தலைமுடி, தாடி, கறுப்புத் தொப்பி. சீட்டை வீசியே வாழைப்பழத்தை வெட்டிக் காட்டுவார். லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அப்பா அங்கேயே கணிதப் பேராசிரியராக இருந்தவர். 2000ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்று 15 லட்சம் டாலர் பரிசு பெற்றார். அந்தக் கடைசி ஆட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எதிரே டி.ஜே. க்ளூட்டியர் கையில் ஏஸும் குயினும். ஃபெர்குசன் கையில் ஏஸும் ஒன்பதும். மேசையில் நான்கு சீட்டு விழுந்த பிறகும் க்ளூட்டியர்தான் முன்னால் இருந்தார். ஐந்தாவதாக ஒரு ஒன்பது விழுந்தது, பட்டம் கைமாறியது. திறமைசாலியைக்கூட ஒற்றைச் சீட்டு தூக்கிவிடும், கவிழ்த்தும்விடும் என்பதை இதைவிடப் பக்கத்திலிருந்து பார்த்தவர் இருக்க முடியாது.

அவர்தான் 2006ல், தமக்கும் பங்கு இருந்த ஃபுல் டில்ட் போக்கர் தளத்தில் ஒரு சவாலை எடுத்துக்கொண்டார். கணக்கில் ஒரு காசும் போடாமல் தொடங்கி 10,000 டாலர் சேர்ப்பது. முதல் படி ஃப்ரீரோல், அதாவது நுழைவுக் கட்டணமே இல்லாத போட்டி. கைக்காசு போகாது என்பதால் பலரும் எந்தச் சீட்டு வந்தாலும் இருப்பதை முழுவதும் வைத்து ஆல்-இன் போடுவார்கள். அத்தனை பேரையும் தாண்டி மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் கிடைப்பது ஒன்றிரண்டு டாலர். அது போனால் மறுபடி பூஜ்யம்.

தமக்கென்று அவர் வகுத்துக்கொண்ட விதிகள் மூன்று. எந்த டேபிளிலும் மொத்தக் கைமுதலில் 5 சதவீதத்துக்கு மேல் வைத்து உட்காரக் கூடாது. நூற்றுக்கணக்கானோர் மோதும் பெரிய போட்டி என்றால் 2 சதவீதம்தான். அடிமட்டத்தில் மட்டும் சலுகை: இரண்டரை டாலர் வரை டேபிள், ஒரு டாலர் போட்டி ஆகியவற்றுக்கு இந்தச் சதவீதம் பொருந்தாது. இல்லாவிட்டால் அவரால் தொடங்கவே முடிந்திருக்காது.

ஏன் 5 சதவீதம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு ஆட்டத்தில் 52 ஜெயித்து 48 தோற்கும் ஒருவர். ஆட்டத்துக்கு ஒரு டாலர் பந்தயம். எதிராளியைவிட ஆட்டம் தெரிந்தவர்தான். கையில் ஒரே ஒரு டாலரோடு உட்கார்ந்தால், என்றாவது ஒருநாள் அவர் ஓட்டாண்டியாகும் வாய்ப்பு 92 சதவீதம். இருபது டாலர் இருந்தால் அது 20 சதவீதமாக இறங்கும். ஐம்பது டாலர் இருந்தால் 2 சதவீதத்துக்கும் கீழே. அவர் திறமை துளியும் மாறவில்லை. மாறியது கைமுதல் மட்டும். தோல்வி வரிசையாக வரும்போது அதைத் தாங்கிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு இருப்பவருக்குத்தான் திறமை பலன் தரும். கைமுதல் குறையக் குறையப் பந்தயத்தையும் குறைத்தால் ஆபத்து இன்னும் இறங்கும். ஃபெர்குசனின் சதவீத விதி அதைத் தானாகவே செய்துவிடுகிறது.

மூன்றாவது விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. டேபிளில் உள்ள பணம் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால், அடுத்து பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே கட்டாயமாக வைக்கும் பந்தயம்) கட்டும் முறை வந்ததும் எழுந்துவிட வேண்டும். மொத்தம் நூறு டாலர் என்று வையுங்கள். ஐந்து டாலரோடு உட்கார்ந்தார். அது பதினொன்று ஆகிவிட்டது. எதிரே இருப்பவர்கள் கண்மூடித்தனமாக ஆடுகிறார்கள், சீட்டும் நன்றாக விழுகிறது. எந்த ஆட்டக்காரரும் எழ மனம் வராத நேரம் அது. விதி எழச் சொல்கிறது, ஏனென்றால் அந்தப் பதினொன்றும் ஒரே ஆட்டத்தில் போகக்கூடியது. தோற்கும்போது நிறுத்து என்று எல்லோரும் சொல்வார்கள். ஜெயிக்கும்போது எழுந்திரு என்று எழுதிவைத்தது பெரிய விஷயம்.

இதைவிடக் கடினம் கீழே இறங்குவது. மேல்மட்ட டேபிளில் ஆடிப் பழகியவர், பணம் குறைந்ததும் மறுபடி சில்லறை டேபிளுக்குப் போக வேண்டும். அங்கே மனம் ஊன்றாது. இழந்ததை ஒரே மூச்சில் பிடித்துவிடலாம் என்று மேலேயே தங்கியவர்கள்தான் பெரும்பாலும் காலியானார்கள்.

ஒரு டாலர் போட்டி ஒன்றில் இரண்டாம் இடம் பிடித்து நூறு டாலருக்குச் சற்று மேல் வென்றது அவருக்குத் திருப்பம். ஆறரை டாலர் 10,000 ஆக மேலும் ஒன்பது மாதம். 2007ல் சவால் முடிந்தது. உலகெங்கும் சின்ன டேபிள் ஆட்டக்காரர்கள் அந்த மூன்று விதிகளையும் பாடமாக்கிக்கொண்டார்கள்.

ஆனால் விதிகள் ஒன்றைக் கேட்காமலே நம்பியிருந்தன: திரையில் தெரியும் எண் பணம்தான் என்று. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித்துறை பெரிய போக்கர் தளங்களை முடக்கியது. ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். அந்த மார்ச் இறுதியில் வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. செப்டம்பரில் அரசுத் தரப்பு இப்படித்தான் குற்றம்சாட்டியது. ஆட்டக்காரர்களின் பணம் இயக்குநர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் போனது என்றும் சொன்னது. வழக்கில் சேர்க்கப்பட்ட இயக்குநர்களில் ஃபெர்குசனும் ஒருவர். தவறை ஒப்புக்கொள்ளாமல் 2013ல் சமரசம் செய்துகொண்டார்.

எனக்கு ஆற்றாமை அந்தச் சின்ன ஆட்டக்காரர்களை நினைத்துத்தான். ஒவ்வொரு டேபிளிலும் 5 சதவீதத்தைத் தாண்டாமல் காத்தவர்களின் முழுக் கைமுதலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. 2012ல் போக்கர்ஸ்டார்ஸ் அமெரிக்க அரசோடு உடன்பாடு செய்து ஃபுல் டில்ட்டை எடுத்துக்கொண்ட பிறகுதான் வழி பிறந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு முதல் தவணை போய்ச் சேர்ந்தபோது 2014 பிப்ரவரி ஆகியிருந்தது.

(தொடரும்)