மூச்சு விட ஓர் ஊர்

எழுதியதற்காகவும் பேசியதற்காகவும் துரத்தப்படுகிறவர்களுக்குச் சில மாதங்கள் இடம் கொடுக்கும் நகரங்கள் இருக்கின்றன. அங்கே போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு.

வங்கதேசத்தின் சில்ஹெட் நகரில் அனந்த பிஜோய் தாஸ் ஒரு வங்கி ஊழியர். வேலை முடிந்த பிறகு அவருக்கு இன்னொரு முகம் உண்டு. 'ஜுக்தி' என்ற பகுத்தறிவு இதழின் ஆசிரியர். அவிஜித் ராய் தொடங்கிய 'முக்தோ மோனா' இணையதளத்திலும் எழுதுவார். 2015 பிப்ரவரி 26 அன்று டாக்கா புத்தகக் கண்காட்சிக்குப் போய்த் திரும்பிய அவிஜித் ராய் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் இன்னொரு இளைஞர். வரிசையில் தானும் இருக்கக்கூடும் என்று அனந்தவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அந்த நேரத்தில்தான் ஸ்வீடனின் பென் எழுத்தாளர் அமைப்பு அவரை அழைத்தது. மே 3, உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம். அதையொட்டி வந்து பேச வேண்டும். டாக்காவில் இருந்த ஸ்வீடன் தூதரகம் விசா தர மறுத்துவிட்டது. போனால் திரும்பி வர மாட்டார் என்பது அவர்கள் சந்தேகம். மே 12 காலை அலுவலகத்துக்குக் கிளம்பிய அனந்தவை முகமூடி அணிந்த கும்பல் ஒன்று வீட்டுக்கு அருகிலேயே விரட்டி வெட்டிக் கொன்றது. அவருக்கு வயது 32. கொலையாளிகள் என்று நால்வருக்கு 2022 மார்ச்சில் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

தூதரகத்தின் சந்தேகத்தை அபத்தம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. உயிருக்கு ஆபத்து உள்ளவர் திரும்பி வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆனால் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. இடம் கொடுக்கிற அமைப்பிடம் 'எனக்கு ஊரில் ஆபத்து' என்று நிரூபிக்க வேண்டும். விசா கொடுக்கிற அதிகாரியிடம் 'ஊருக்குத் திரும்பிவிடுவேன்' என்று நிரூபிக்க வேண்டும். ஒரே ஆள், ஒரே கோப்பு, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு சாட்சியங்கள். மிரட்டப்படும் பத்திரிகையாளர்களுக்கும் மனித உரிமை ஆர்வலர்களுக்கும் கொஞ்ச காலம் புகலிடம் தர உலகில் இன்று எத்தனையோ ஏற்பாடுகள் இருக்கின்றன. அவற்றில் பல தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இந்த ஏற்பாடுகளின் தொடக்கமும் ஒரு கொலைதான். அல்ஜீரியாவின் கவிஞரும் பத்திரிகையாளருமான தஹார் ஜாவூத், 'ருப்தூர்' என்ற வார இதழை நடத்தி வந்தார். 1993 மே 26 அன்று வீட்டு வாசலில் அவரைச் சுட்டார்கள். ஒரு வாரம் நினைவின்றிக் கிடந்து ஜூன் 2 அன்று இறந்தார். அல்ஜீரியாவில் எழுதுகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக வேட்டையாடப்பட்ட அந்த ஆண்டு, உலக எழுத்தாளர்கள் சேர்ந்து 'சர்வதேச எழுத்தாளர் நாடாளுமன்றம்' ஒன்றை அமைத்தார்கள். முதல் தலைவர் சல்மான் ருஷ்டி. அவரே அப்போது மரண ஆணைக்குப் பயந்து தலைமறைவாக வாழ்ந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின் வோலே சோயிங்கா. கண்டன அறிக்கைகள் விட்டு அலுத்துப்போன எழுத்தாளர்கள் புதிதாக ஒன்றைக் கேட்டார்கள்: அரசாங்கங்கள் வேண்டாம், நகரங்கள் முன்வரட்டும். ஒரு நகராட்சி, ஓர் எழுத்தாளர், ஒரு வீடு.

கேட்கச் சின்ன யோசனைதான். ஆனால் வேலை செய்தது. வெளியுறவு அமைச்சகம் ஒரு எழுத்தாளரை ஏற்பதென்றால் ராஜதந்திர உறவு, வர்த்தக ஒப்பந்தம் என்று ஆயிரம் கணக்குப் போடும். நகராட்சிக்கு அந்தக் கவலை குறைவு. எழுத்தாளர் நாடாளுமன்றம் சில ஆண்டுகளில் கலைந்துபோனாலும் யோசனை பிழைத்தது. 2006-இல் நார்வேயின் ஸ்டவாங்கர் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 'ஐகார்ன்' என்ற புகலிட நகரங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. இன்று அதில் 80-க்கும் மேற்பட்ட நகரங்கள், பெரும்பாலும் ஐரோப்பாவில். வீடு, உதவித்தொகை, சட்டப்படி தங்க அனுமதி, எல்லாவற்றுக்கும் துணையாக உள்ளூர்க்காரர் ஒருவர். இரண்டு ஆண்டு வரை. பல ஊர்களில் இதைப் பார்த்துக்கொள்வது நகர நூலகமோ பண்பாட்டுத் துறையோதான்.

பெலாரஸ் நாட்டு ஸ்வெத்லானா அலெக்சியேவிச் இப்படி ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்தில் தங்கியவர். 2000-இல் நாட்டை விட்டுக் கிளம்பி பாரிஸ், கோதன்பர்க், பெர்லின் என்று பத்தாண்டுக்கு மேல் சுற்றிவிட்டு 2011-இல் மின்ஸ்க் திரும்பினார். 2015-இல் நோபல் பரிசு. அனந்தவுக்கு விசா மறுக்கப்பட்ட அதே ஆண்டு, அதே ஸ்வீடன் கையால். 2020-இல் அலெக்சியேவிச் மறுபடியும் நாட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. திரும்பிப் போகிறவர்கள் ஒரேயடியாகத் திரும்பிவிடுவதில்லை.

இரண்டு ஆண்டு தங்குவது ஒருவகை. இன்னொரு வகை இதைவிடச் சின்னது. என் பார்வையில் இதைவிடச் சுவாரசியமானது. நெதர்லாந்தில் 'ஜஸ்டிஸ் அண்ட் பீஸ்' அமைப்பு 2012-இல் ஹேக் நகரில் தொடங்கிய 'ஷெல்ட்டர் சிட்டி' திட்டத்தில் தங்குவது மூன்று மாதம்தான். அது முடிந்ததும் ஊருக்குத் திரும்புகிற எண்ணம் உள்ளவர்களுக்கே இடம். அகதியாக ஆக்குவது நோக்கமில்லை, அகதியாகாமல் தடுப்பது. டப்ளினில் இயங்கும் 'ஃப்ரன்ட் லைன் டிஃபெண்டர்ஸ்' ஓய்வுக்கென்றே தனியாக உதவித்தொகை தருகிறது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் 2008 முதல் மனித உரிமை ஆர்வலர்களை அழைத்துச் சில மாதங்கள் படிக்கவும் இளைப்பாறவும் வைக்கிறது. வழக்கறிஞர், தொழிற்சங்கக்காரர், நிலத்துக்காகப் போராடும் கிராமத்துப் பெண் என்று பத்திரிகையாளர் அல்லாதவர்களும் இதில் வருவார்கள். ஐ.நா. பொதுச் சபை 1998 டிசம்பர் 9 அன்று நிறைவேற்றிய பிரகடனம் இவர்கள் எல்லோரையும் மனித உரிமைக்காகப் பாடுபடுகிறவர்கள் என்று ஒரே வரிசையில் வைத்தது.

மூன்று மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்கத் தோன்றும். வாசலில் மோட்டார் பைக் நின்றால் விளக்கை அணைத்துவிட்டு உட்காரும் பழக்கம் வந்துவிட்டவருக்கு முதலில் தேவை, விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குவது. பிறகு பல் டாக்டர், கண் டாக்டர், மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட ரத்தப் பரிசோதனை. வேண்டுமென்றால் மனநல ஆலோசகர். போனையும் கம்ப்யூட்டரையும் ஒட்டுக்கேட்காமல் காப்பது எப்படி என்று பாடம். நாடாளுமன்ற உறுப்பினர்களோடு, பத்திரிகைகளோடு சந்திப்பு. ஊர் திரும்பிய பின் ஏதாவது நடந்தால் குரல் கொடுக்க வெளியே நாலு பேர் வேண்டுமே. கூடவே சும்மா இருக்கும் நேரமும் உண்டு. பலருக்கும் கஷ்டமான பாடம் அதுதான். சக ஊழியர் சிறையில், தான் மட்டும் கால்வாய்க் கரையில் சைக்கிள் ஓட்டுவதா என்ற குற்ற உணர்ச்சி இரவில் வந்து உட்காரும். வீட்டிலிருந்து போன் வந்தால் என்ன செய்தியோ என்ற பயம் கடல் தாண்டியும் விடுவதில்லை. ஊர் திரும்ப வேண்டியவர் என்பதால் சிலருடைய பெயரும் படமும் வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

திரும்ப வழியே இல்லாதவர்களுக்கு வேறு மாதிரி வீடு வேண்டும். பாரிஸின் 15-வது வட்டாரத்தில் முன்பு பிரஷ் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தில் 'பத்திரிகையாளர் இல்லம்' இருக்கிறது. வானொலிச் செய்தியாளர் டானியல் ஓஹயோனும் திரைப்பட இயக்குநர் ஃபிலிப் ஸ்பினோவும் 2002-இல் தொடங்கியது. 14 அறைகள். ஒவ்வோர் அறைக்கும் அதற்குப் பணம் கொடுத்த பத்திரிகையின் அல்லது வானொலியின் பெயர். அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் அங்கே சில மாதங்கள் தங்கி மொழி கற்று, காகிதங்களைச் சரிசெய்துகொண்டு வெளியேறுகிறார்கள். நேற்றுவரை தலையங்கம் எழுதியவர் இன்று பிரெஞ்சில் ரொட்டி கேட்கத் தெரியாமல் திண்டாடுவார். தொழிலே மொழியாக இருப்பவருக்கு இது சின்ன அவமானமில்லை.

நகராட்சியோ நிறுவனமோ இல்லாமல் ஒரு தம்பதி மட்டும் செய்ததும் உண்டு. 1997-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ருஷ்டி பேசியபோது இந்தப் புகலிட நகரங்களைப் பற்றிச் சொன்னார். கூட்டத்தில் இருந்த ஹென்றி ரீஸ், டயான் சாமுவல்ஸ் இருவருக்கும் அது மனதில் தைத்துவிட்டது. 2004-இல் தங்கள் தெருவிலேயே ஒரு வீட்டைத் தயார் செய்து, சீனச் சிறைகளில் பல ஆண்டுகள் கழித்த கவிஞர் ஹுவாங் சியாங்கைக் குடிவைத்தார்கள். அவர் செய்த முதல் காரியம், வீட்டின் வெளிச்சுவர் முழுக்கத் தன் கவிதைகளைச் சீன எழுத்தில் தீட்டியது. சொந்த நாட்டில் அச்சிட முடியாதவற்றை அண்டை வீட்டார் படிக்கத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெருவுக்கு அது பிடித்துப்போயிற்று.

அதே ஹென்றி ரீஸ்தான் 2022 ஆகஸ்ட் 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஷடாக்வாவில் ருஷ்டியோடு மேடையில் உட்கார்ந்திருந்தார். பேச எடுத்துக்கொண்ட விஷயம், நாடு கடந்து வந்த எழுத்தாளர்களுக்கு அமெரிக்கா புகலிடமாக இருப்பது பற்றி. பேச்சு தொடங்குமுன் ஒருவன் கத்தியோடு பாய்ந்தான். ருஷ்டிக்கு ஒரு கண் போயிற்று. தடுக்கப் போன ரீஸுக்கும் முகத்தில் காயம்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதையில்லை. இலங்கையில் இரண்டு கட்டுரைகளுக்காக ஜே.எஸ். திஸ்ஸநாயகம் 2008 மார்ச்சில் கைதாகி, பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2009 ஆகஸ்டில் 20 ஆண்டு கடுங்காவல் பெற்றார். உலகம் முழுதும் எழுந்த குரலுக்குப் பிறகு 2010-இல் மன்னிப்பு. நேராக ஹார்வர்டின் நீமன் ஆய்வுத் திட்டத்தில் போய் உட்கார்ந்தார். அவருக்கு முந்தைய அணியில் இருந்தவர் சோனாலி சமரசிங்க. 2009 ஜனவரி 8 அன்று கொழும்பில் கொல்லப்பட்ட 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவின் மனைவி, அவரும் பத்திரிகையாளர். பிறகு நியூயார்க் மாநிலத்தின் இதாகா நகரம் அவரை விருந்தினர் எழுத்தாளராக ஏற்றது. ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களர். ஊரில் எந்தப் பக்கம் என்று பிரித்துக் கேட்டவர்களுக்குத் தப்பி வந்தவர்களை வரவேற்றது ஒரே வளாகம்.

அனந்த விஷயத்தில் பட்ட அடிக்குப் பின் வங்கதேச எழுத்தாளர்கள் சிலருக்கு ஐரோப்பிய நகரங்கள் வேகமாகக் கதவு திறந்தன. அவிஜித் ராயின் நூல்களை வெளியிட்ட 'சுத்தஸ்வர்' பதிப்பகத்தின் அகமதுர் ரஷீத் சௌத்ரி டுடுல், 2015 அக்டோபர் 31 அன்று அலுவலகத்திலேயே வெட்டுப்பட்டுப் பிழைத்தவர். நாடகாசிரியர் இப்சன் பிறந்த ஊரான நார்வேயின் ஷீயன் அவரையும் குடும்பத்தையும் ஏற்றுக்கொண்டது. பதிப்பகத்தின் பெயரிலேயே இணைய இதழைத் திரும்பத் தொடங்கினார். கத்தியால் மூடிய கடை வேறு ஊரில் திறந்தது.

விசா முடிச்சை அவிழ்க்க முயன்ற நாடுகளும் இருக்கின்றன. அயர்லாந்து, ஆபத்தில் உள்ள மனித உரிமை ஆர்வலர்கள் மூன்று மாதம் வரை வந்து தங்கித் திரும்பத் தனி மனிதாபிமான விசா ஏற்பாடு ஒன்றை வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் யோசனையே வேறு. கம்பாலாவைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஆஃப்ரிக்கன் டிஃபெண்டர்ஸ்' கூட்டமைப்பு 'உபுண்டு நகரங்கள்' என்று கம்பாலா, அபிஜான், துனிஸ் போன்ற ஆப்பிரிக்க நகரங்களிலேயே இடம் பார்த்து வைக்கிறது. பனிக்கு கோட் வாங்க வேண்டாம், சாப்பாடு ஒத்துக்கொள்ளும், விட்டு வந்த வேலையை அருகிலிருந்தே கவனிக்கலாம். எதிரியும் அருகில் இருப்பான் என்பது உண்மைதான். ஆனாலும் ஐரோப்பியத் தூதரகத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு முன் நின்று 'திரும்பிவிடுவேன்' என்று சத்தியம் செய்வதைவிட இது மேல்.

நம் நாட்டுக்கு வருவோம். சத்தீஸ்கரின் பஸ்தாரிலிருந்து செய்தி எழுதிவந்த மாலினி சுப்ரமணியத்தின் ஜகதல்பூர் வீட்டின் மீது 2016 பிப்ரவரியில் கல் வீசினார்கள். வீட்டுக்கு முன் கோஷம் போட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரருக்கு நெருக்குதல் வந்தது. காலி செய்யச் சொன்னார். அந்த மாதமே ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. ஆண்டு இறுதியில், பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் சர்வதேச விருது நியூயார்க்கில் அவருக்குக் காத்திருந்தது. பஸ்தாருக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் அவருக்கு ஒரு வீடு வேண்டும் என்று எந்த இந்திய நகராட்சியும் தீர்மானம் போட்டதாகக் கேள்வியில்லை. இப்படி ஊர் மாறுகிற மாவட்டச் செய்தியாளர்கள் நண்பர் வீட்டுக் கூடத்திலும் மாமனார் வீட்டிலும்தான் மூச்சு வாங்குகிறார்கள்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கோ இந்தியாவில் அகதிகள் சட்டமே கிடையாது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் நாம் கையெழுத்திடவில்லை. யாரை ஏற்பது, எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்பதெல்லாம் டெல்லியின் மனநிலையைப் பொறுத்தது. 1994-இல் வங்கதேசத்தை விட்டு ஓடிய தஸ்லிமா நஸ்ரீன், சொந்த மொழி கேட்கும் ஊரென்று 2004-இல் கொல்கத்தாவுக்கு வந்தார். 2007 நவம்பரில் அங்கே கலவரம் மூண்டதும் ஜெய்ப்பூருக்கும் அங்கிருந்து டெல்லிக்கும் கொண்டுபோய் வெளியே தலைகாட்டாமல் வைக்கப்பட்டார். 2008 மார்ச்சில் நாட்டை விட்டே போனார். பிறகு திரும்பி வந்து டெல்லியில் தங்கினார். 2024 ஜூலையில் அவருடைய தங்கும் அனுமதி முடிந்தது. புதுப்பிக்கப்படுமா என்று சொல்ல ஆளில்லை. உள்துறை அமைச்சரிடம் சமூக வலைதளத்தில் பகிரங்கமாக முறையிட்டார். அக்டோபரில் அனுமதி வந்தது. நன்றி என்று அங்கேயே எழுதினார்.